எண்ணூர் நைனாவின் முகம்

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் நின்றுவிட்டால் நின்றதுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், அப்படி நின்ற ஒரு காலையில், ஷேர் ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு, "எறங்கி நடந்துக்க சார், இது இப்போதிக்கி நவுராது" என்றார். பி.காம். முடித்து, சரக்குப் பெட்டக நிலையம் ஒன்றின் அலுவலகத்தில் வேலை வாங்கி, சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கிளம்பியவனைப் புழுதியில் இறங்கி நட என்றால் கோபம் வராதா? எங்கள் ஊரில் வாய்க்கால் தண்ணீருக்குச் சண்டை போடும் குரலை அப்படியே எடுத்துவிட்டேன்.

"பாதி வழியில எறக்கி வுடுறியே, இது நியாயமாய்யா?"

ஆட்டோக்காரர் பதில் சொல்வதற்குள், டீக்கடையோரம் பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். காக்கி சட்டை முழுக்க வெள்ளைப் பெயின்ட் தெறித்திருந்தது. என் முகத்துக்கு ஒரு ஜாண் தூரத்தில் நின்று வாயையே பார்த்தார்.

"தம்பி, இப்ப 'நியாயமா'ன்னு ஒண்ணு கேட்டியே. அத இன்னொரு தபா கேளு."

"எதுக்குங்க?"

"கேளேன். கீய் ஒதடு ஷோக்கா ஒண்ணு பண்ணுச்சு. அது இன்னான்னு பாத்துக்கறேன்."

ஆட்டோக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "சார், கஸ்பார் அண்ணனாண்ட மாட்டிக்கினியா? போச்சு. அடுத்த வாரம் நீ லாரில தொங்குவ."

நான் மிரட்டல் என்றே நினைத்தேன். உண்மையில் அது தகவல். இரண்டு வாரம் கழித்து என் கீழுதடு, கோரைப்பற்களுக்கு நடுவே, நெல்லூர்ப் பக்கம் போகும் ஒரு டிரெய்லரின் முகப்பில் தொங்கியது. நானே பார்த்தேன். பார்த்ததும் இரண்டடி பின்னால் போனேன்.

கஸ்பார் அண்ணன் திருஷ்டி முகம் வரைகிறவர். கட்டி முடியாத வீடுகளின் சாரத்திலும், லாரிகளின் நெற்றியிலும், நாக்கைத் தொங்கவிட்டு விழி பிதுங்கத் தொங்குமே, அந்த முகங்கள்தான். பகலில் அவருக்கு வேறு வேலை. பழுது பார்த்த கன்டெய்னர்களுக்குப் பெயின்ட் அடித்து எண் எழுதும் யார்டு வேலை. அங்கே எழுத்து ஒரு நூல் கோணக்கூடாது, சொந்தமாக ஒன்றும் சேர்க்கக்கூடாது. மாலையில் ராயபுரத்து வீட்டு வாசலில் பழைய டிரம் மூடிகளைப் பரப்பிவைத்து, பகல் முழுக்கச் சேர்க்க முடியாததையெல்லாம் அவற்றில் சேர்த்துவிடுவார்.

எனக்கு அறை பார்த்துக் கொடுத்ததும் அவர்தான். அவர் வீட்டுக்கு எதிர்வீட்டு மாடி. கதவைத் திறந்தால் வரிசையாக முகங்கள் காய்ந்துகொண்டிருக்கும். முதல் மாதம் நான் கதவைப் பக்கவாட்டில் திறந்து, பார்வையை வானத்தில் வைத்துக்கொண்டுதான் படியிறங்கினேன்.

அண்ணன் ஆரம்பத்தில் புனிதர்களைத்தான் வரைந்தார். தெருமுனை மாதா கெபித் திருவிழாவுக்கு, தேவதூதரான மிக்கேல் சம்மனசு சாத்தானை மிதித்து நிற்கும் பலகை ஒன்றை ஆசையாசையாக எழுதிக் கொடுத்திருக்கிறார். சம்மனசு ஏதோ ஃபோட்டோ ஸ்டூடியோவில் நிற்பவர் மாதிரி நின்றாராம். காலடியில் கிடந்த சாத்தானுக்கு மட்டும் உயிர் வந்துவிட்டது. பிள்ளைகள் அழுதன. பார்வை மங்கிய ஒரு பாட்டி மெழுகுவர்த்தியைச் சாத்தானுக்கே ஏற்றிவைத்துவிட்டார். மறுநாள் காலை, பலகையை எடுத்துக்கொண்டு போகும்படி கமிட்டி மரியாதையாகச் சொன்னது.

பலகையைச் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு வரும்போது பீம்ராவ் வழிமறித்தார். அப்போது அவர் ஒரு டிரெய்லருக்கு டிரைவர்.

"அண்ணாத்த, மேல் பாதி எனக்கு வேணாம். கீய் பாதிய மட்டும் அறுத்துக் குடு. வண்டிக்கு மாட்டிக்கறேன்."

"பாவி, அது வேதப் படம்டா!"

"மேல கீறதுதான வேதம்? அத நீ வெச்சிக்க."

அறுத்துக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அண்ணனுக்குத் தொழில் கீழ்ப்பாதிதான்.

இதை அவர் மனைவி கிறிஸ்டினா அக்கா வேறு மாதிரி சொல்வார். "கீய் பாதி, மேல் பாதில்லாம் இன்னா கத? இந்தாளு கைக்கே அதான் வரும். கல்யாணத்துக்கு முன்னாடி ஆசையா என் மூஞ்சிய வரஞ்சி குடுத்து உட்டாரு. எங்கம்மா அத பாத்துட்டு, பொண்ணுக்கு இன்னாவோ ஆயிடுச்சுன்னு என்ன டாக்டராண்ட இட்டுகினு போச்சு."

"அந்தப் படம் எங்கக்கா?"

"எங்கம்மாதான் வாசல்ல மாட்டி வெச்சிகிச்சே. அன்னியிலேர்ந்து வூட்டுப் பக்கம் ஒரு திருடன் வரல."

படித்தவன் என்பதால் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கலைஞனுக்குத் தூண்டுதல் எங்கிருந்து வருகிறது என்று ஒருநாள் கேட்டேன். பேய்க்கதைகளா, கெட்ட கனவுகளா, சின்ன வயதில் பயந்த ஏதாவதா?

அண்ணன் டிரம் மூடியில் புருவம் இழுத்துக்கொண்டே சொன்னார். "பேய யாரு பாத்துகீறா, கிராஜுவேட்டு? பாத்தாலும் இன்னா பயம்? அதுக்கு இன்னா பேஜாரு? வாடக குடுக்கணுமா, ரேஷன்ல நிக்கணுமா? பேஜாரு இல்லாதவன் மூஞ்சில ஒரு வெங்காயமும் இருக்காது."

"அப்ப எதுதான் பயம்?"

"தன் பக்கம் நியாயம் கீதுன்னு நம்பிகினு ஒருத்தன் கத்துறான் பாரு, அதான். திருடன் கத்துனா பயம் வராது. குடிகாரன் கத்துனா சிரிப்புதான் வரும். நியாயஸ்தன் கத்துனா ஊரே ஒதுங்கும்." தூரிகையை வாயில் கவ்விக்கொண்டு, தலையைச் சாய்த்துப் பார்த்தார். "கண்ணு வைக்கிறவன் ராட்சசனா இன்னா? நம்மள மாரி ஒருத்தன்தான். வண்டிய பாத்து வவுறு எரியுது. அவன வெரட்ட கொம்பு தேவையில்ல. 'இன்னாடா பாக்குற'ன்னு கேக்குற மூஞ்சி ஒண்ணு வேணும், அவ்ளோதான்."

அதனால்தான் அவர் ரயில்வே கேட்டிலும், லாரி நெரிசலிலும், தண்ணீர் லாரி வரும் தெருமுனையிலும் போய் உட்கார்ந்தார். சண்டையில் யார் ஜெயித்தார் என்று அவரிடம் கேட்டால் தெரியாது. யாருக்கு எந்தப் பக்கத்து மூக்கு விடைத்தது என்று கேட்டால் சொல்வார்.

அப்படிக் கிடைத்ததுதான் எண்ணூர் நைனா. ஆறு வருஷத்துக்கு முன் ரயில்வே கேட் மூடியிருந்த ஒரு மத்தியானம், வெள்ளைக் காரிலிருந்து இறங்கிய ஒருவர் கேட் கீப்பரைத் திட்டி, லாரிகளைத் திட்டி, திட்ட ஆள் தீர்ந்ததும் கடல் பக்கம் திரும்பி அதையும் திட்டினாராம். புருவம் இரண்டும் ஒன்றாகி, நெற்றி மூன்று மடிப்பாகி, தாடையோர மச்சம் மேலேறி. கேட் திறந்ததும் போய்விட்டார். யாரென்று தெரியவில்லை. அண்ணன் வீட்டுக்கு ஓடிவந்து, சோறு தின்னாமல் வரைந்தார்.

அந்த முகம் பிய்த்துக்கொண்டு போனது. பெயர் வைத்தவர்கள் டிரைவர்கள். எண்ணூர் நைனா மாட்டிய வண்டி கவிழாது என்று பேச்சு. துறைமுக வாசலில் வரிசை நிற்கும் வண்டிகளைப் பார்த்தால், ஒரே ஆள் ஐம்பது வண்டியிலிருந்து நம்மைத் திட்டுவது போலிருக்கும். "அந்த மனுசன இன்னொரு தபா பாக்கணும் கிராஜுவேட்டு. மூக்குல ஏதோ ஒண்ண உட்டுட்டேன்" என்று அண்ணன் அடிக்கடி சொல்வார். ரயில்வே கேட்டில் ஆறு வருஷம் தேடியும் ஆள் கிடைக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் அவருடைய ஒரே மகள் ஆன்சிக்குச் சம்பந்தம் பேச வேண்டியதாயிற்று. ஆன்சி ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியன். நோயல் என்ற பையனை மூன்று வருஷமாக விரும்பினாள். நல்ல பையன். சுங்க கிளியரிங் ஆபீஸில் வேலை. அவன் அம்மா ஜூடிக்குச் சம்மதம். அப்பா தவசிமுத்து ஒருவர்தான் பாக்கி. காலடிப்பேட்டையில் பழைய இரும்பு குடோன் வைத்திருப்பவர்.

"அப்பா, அவர் சரின்னா சரி, இல்லன்னா இல்ல. ரெண்டாவது பேச்சே கெடையாது" என்றாள் ஆன்சி. "நோயல் அக்காவுக்கு மாப்ள பாக்கப் போன எடத்துல, காபி ஆறிப்போச்சுன்னு எந்திரிச்சு வந்துட்டாராம். அந்தச் சம்பந்தம் அப்படியே போச்சு."

"காபிய நான் பாத்துக்கறேன்" என்றார் கிறிஸ்டினா அக்கா. "நீ உங்கப்பன பாத்துக்க."

நோயல் அனுப்பிய படத்தை ஆன்சி ஃபோனில் காட்டினாள். கோட்டு போட்டு, யாருடைய கல்யாணத்திலோ, கைகட்டி நிற்கும் பெரியவர். அண்ணன் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"சாந்தமான மூஞ்சி. வரையறதுக்கு ஒண்ணுமே இல்ல. நல்ல மனுசன்தான் போலகீது."

அவர்கள் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை காலையே கிறிஸ்டினா அக்கா வாசலைத் துடைத்தெடுத்தார். காய்ந்துகொண்டிருந்த முகங்கள் எல்லாம் என் அறைக்கு வந்தன. கட்டிலில், நாற்காலியில், ஜன்னலில். என்னால் சட்டை மாற்ற முடியவில்லை. எல்லோரும் பார்த்தார்கள்.

"நீயும் வந்து குந்து" என்றார் அக்கா. "படிச்ச புள்ள ஒண்ணு பக்கத்துல இருந்தா வூட்டுக்கு ஒரு கெத்து."

மூன்றரை மணிக்கு அண்ணனும் நானும் தெருமுனையில் போய் நின்றோம். அங்கேதான் வினை காத்திருந்தது. பீம்ராவ் கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு டிரெய்லர் எடுத்திருந்தார். முதல் லோடுக்கு முன் எண்ணூர் நைனாவுக்கு அண்ணன் கையாலேயே கண் திறக்க வேண்டும் என்று, முகத்தை வண்டி நெற்றியில் மாட்டிக்கொண்டு, தெரு வாயை அடைத்து நிறுத்தியிருந்தார்.

"இன்னிக்கு வராதன்னு சொன்னேனா இல்லியா?" என்று அண்ணன் பல்லைக் கடித்தார்.

"நாலரைக்கு ராகு காலம் அண்ணாத்த. எனக்கு அதுல நம்பிக்க இல்ல, ஃபைனான்ஸ் போட்ட மச்சானுக்கு கீது. ரெண்டு பொட்டு வெச்சி உட்டுடு, ஜல்தியா போய்டறேன்."

பின்னால் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. ஹார்ன் அடித்தது. மறுபடி அடித்தது. கதவு திறந்து, ஃபோனில் பார்த்த அதே சாந்தமான பெரியவர் இறங்கினார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு டிரெய்லருக்கு முன்னால் வந்து நின்றார்.

"இது உங்கப்பன் வூட்டு ரோடா?" என்று ஆரம்பித்தார்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முகம் மாறியது. புருவங்கள் ஒன்றாயின. நெற்றி மூன்று மடிப்பாயிற்று. தாடை மச்சம் மேலே ஏறியது. அவருக்குச் சரியாக ஒரு முழம் மேலே, டிரெய்லரின் நெற்றியில், புதுப் பெயின்ட் மின்ன, அதே ஆள் கத்திக்கொண்டிருந்தார்.

பீம்ராவ் கேபினிலிருந்து கீழே பார்த்தார். முன்னால் குனிந்து மேலே பார்த்தார். மறுபடி கீழே பார்த்தார். சட்டென்று இரண்டு கையையும் கூப்பினார்.

"அண்ணாத்த! நைனா எறங்கி வந்துட்டாரு!"

கஸ்பார் அண்ணன் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம்தான். ஆறு வருஷம் தேடிய ஆள் அல்லவா. பயம் பின்னால் வந்தது. வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"கிராஜுவேட்டு, என் பொண்ணு வாய்க்கையே போச்சுடா."

வண்டி எப்படியோ ஓரமாக நகர்ந்தது. தவசிமுத்துவும் ஜூடி அம்மாவும் நோயலும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார்கள். ஆன்சி கொதிக்கக் கொதிக்கக் காபி கொண்டுவந்தாள். பெரியவர் காபியைத் தொடவில்லை. ஜன்னல் வழியே தெருமுனை டிரெய்லரையே பார்த்துக்கொண்டிருந்தார். பீம்ராவும் போகாமல் வாசலில் பக்தியோடு நின்றார்.

"அந்த வண்டில மாட்டிகீற மூஞ்சி…" என்றார் தவசிமுத்து.

"எந்த மூஞ்சிங்க? சமோசா எடுத்துக்குங்க" என்றார் கிறிஸ்டினா அக்கா.

"அத யாரு வரஞ்சது?"

"பாம்பேலேர்ந்து வருதுங்க" என்று அக்கா சொன்ன அதே நேரத்தில், "எங்க அண்ணாத்ததான், வேற யாரு!" என்றார் பீம்ராவ் வாசலிலிருந்து.

பெரியவர் கஸ்பார் அண்ணன் பக்கம் திரும்பினார். "அந்த மூஞ்சி எனக்குத் தெரியும்."

ஆன்சி தட்டோடு அப்படியே நின்றாள். நோயல் வாசலில் கிடந்த தன் செருப்பைப் பார்த்தான்.

"ஆறு வருசமா என் குடோன் வாசல்ல கீது. மொட்ட மாடில கீது. இவதான் வாங்கியாந்து மாட்டினா." ஜூடி அம்மா புடவைத் தலைப்பில் எதையோ தேட ஆரம்பித்தார். "பாத்த ஒடனே சொல்லிட்டேன், இது எங்க அண்ணன்தான்னு. பாகம் பிரிக்கசொல்ல குடோன்ல முன் பாதிய வாய்ங்கிகினு போனானே, அந்தப் படுபாவி. அச்சா அவன்தான். டெய்லி காலில அதப் பாத்து ரெண்டு திட்டு திட்டிட்டுத்தான் கடைய தொறப்பேன். மனசுக்கு அப்பிடி ஒரு நிம்மதி. ஆமா, அவன எங்க பாத்தீங்க நீங்க?"

அறையில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. இனி கஸ்பார் அண்ணன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஆமாம், எங்கேயோ பார்த்தேன் என்று தலையாட்டிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். கிறிஸ்டினா அக்கா அவர் காலை மிதித்தே சொன்னார்.

"ரயில்வே கேட்டாண்ட பாத்தேங்க" என்றார் அண்ணன், காலை இழுத்துக்கொண்டே. "கத்திகினு இருந்தாரு."

"அவனேதான்! அவன் அப்டித்தான் கத்துவான்! நாயம் தெரிஞ்சவனா அவன்? நான் சொல்றேன், முன் பாதி யாருக்கு? மூத்தவனுக்கா, இல்ல ஒயச்சவனுக்கா?" பெரியவர் எழுந்தே விட்டார். புருவம் சேர்ந்தது, மடிப்பு விழுந்தது, மச்சம் ஏறியது, குரல் கூரையை முட்டியது. "ஒயச்சவனுக்கா, இல்லியா? சொல்லுங்க!"

கஸ்பார் அண்ணன் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். கண்ணில் மகளும் இல்லை, சம்பந்தமும் இல்லை. கை தானாகச் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தது.

"அப்டியே இருங்க! ஆடாதீங்க! எடது மூக்கு… சேசுவே, எடது மூக்குதான் பெருசாவுது. நான் ஆறு வருசமா சோத்தாங்கை பக்கம் போட்டுகினு கீறேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குத் தாம் சொன்னது கேட்டது.

தவசிமுத்துவின் வாய் திறந்தபடி நின்றது. ஜன்னல் வழியே டிரெய்லரைப் பார்த்தார். தடவித் தடவித் தன் நெற்றியைப் பார்த்தார். அப்போது ஜூடி அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. விக்கல் என்று நினைத்தேன். சிரிப்பு. தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டும் அது நிற்கவில்லை.

"கத்தும்போது உன் மூஞ்சிய ஒரு தபா கண்ணாடில பாருய்யான்னு தலதலயா அடிச்சிகினேன். கேட்டியா நீ? சந்தையில இத பாத்தேன். ஐயையோ நம்ம வூட்டுக்காரருன்னு வாங்கியாந்து மாட்டினேன். நீ அதப் பாத்து அண்ணன்னு சொல்லிகினு, டெய்லி உன்னியே நீ திட்டிகினு…"

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. நோயல் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

பெரியவர் சுவரிலிருந்த கண்ணாடியின் முன்னால் போய் நின்றார். கோபப்பட்டுப் பார்த்தார். வரவில்லை. வேண்டுமென்றால் வருகிற சாமானா அது? திரும்பி வாசலைப் பார்த்தார்.

"ஏம்பா டிரைவரு. அந்த மூஞ்சி மாட்டுன வண்டி கவுராதுன்னு சொல்லிக்கறீங்களே, மெய்யாலுமேவா?"

"ஆத்தா சத்தியமா நைனா. ஆந்திரா, ஒரிசான்னு ஓடிகினு கீது. ஒரு வண்டி சாஞ்சதில்ல. அதுக்கோசரம்தான வெயில்ல நிக்கிறேன்."

தவசிமுத்து ஜன்னல் வழியே டிரெய்லரை இன்னொரு முறை பார்த்தார். அவர் மெதுவாக வந்து உட்கார்ந்தார்.

"அப்ப அது எங்க அண்ணன் மூஞ்சி இல்ல" என்றார். "அவன் மூஞ்சிக்கு அந்த ராசி ஏது? சைக்கிள்ல மாட்டுனாலும் கவுந்துடும். அது என் மூஞ்சிதான்."

"அதாங்க, பாத்த ஒடனே ஒரு களை" என்றார் கிறிஸ்டினா அக்கா, பாம்பேயை மறந்து.

"இத்தன வண்டி என்ன நம்பி ஓடுதுன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்." காபியை எடுத்து ஒரு வாய் குடித்தார். ஆறித்தான் போயிருந்தது. எல்லோரும் அவர் தொண்டையையே பார்த்தோம். விழுங்கினார். "சம்பந்தி, ஒரே ஒரு கண்டிசன். எங்க அண்ணன் வூட்டு வாசல பாத்தாப்புல என் குடோன் செவுரு ஒண்ணு கீது. அதுல இந்த மூஞ்சிய பெருசா எயுதணும். எடது மூக்கு ஒயுங்கா வரணும்."

"செவுரு எம்மாம் பெருசுங்க?" என்றார் கஸ்பார் அண்ணன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகளை நினைத்தா, சுவரை நினைத்தா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கோவிலில் மூன்று ஞாயிறு அறிவிப்பு ஓலை வாசித்து, மே மாதம் கல்யாணம் நடந்தது. ஆன்சியும் நோயலும் மாதவரத்தில் குடியிருக்கிறார்கள். குடோன் சுவரை முடிக்க அண்ணனுக்கு நாலு மாதம் பிடித்தது. அவர் இப்போதும் அதே யார்டில் கன்டெய்னர்களுக்கு எண் எழுதுகிறார். மாலையில் திருஷ்டி முகம் வரைகிறார். இந்த மாதம் தவசிமுத்துவின் அண்ணனிடமிருந்து ஓர் ஆர்டர் வந்திருக்கிறது. தம் பக்கத்துச் சுவரில், தம்பியுடையதைவிட ஓரடி பெரிதாகத் தம் முகம் வேண்டுமாம். கஸ்பார் அண்ணன் முன்பணம் வாங்கவில்லை. ஆள் கத்துவதை முதலில் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.